ஏ.சி. கொன்ற ஏழு எலிகள்

எலியக்காவுக்கு வந்த கோபத்தில் பேனா மூடி எங்கே போய் விழுந்தது என்றே தெரியவில்லை. பன்னிரண்டு வருடமாக அந்த ஆராய்ச்சிக்கூடத்து எலிகளைப் பார்த்துக்கொள்பவள். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பேராசிரியர் கையெழுத்துக்காக நீட்டிய தாளில் இப்படி இருந்தது: 'ஏ.சி. பழுதான வெள்ளிக்கிழமை, மேல்தட்டுக் கூண்டுகளில் இருந்த ஏழு எலிகள் சூடு தாங்காமல் இறந்தன. மருந்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.'

ஏழும் மூட்டுவலி மருந்து சாப்பிட்ட எலிகள். மருந்து சாப்பிடாதவற்றில் ஒன்றுக்குக்கூட ஒரு தும்மல் இல்லை. வரும் திங்கட்கிழமை அதே மருந்தை இருபத்து நான்கு மனிதர்களுக்குக் கொடுக்கப்போகிறார்கள். அதில் ஒருவர் அவளுடைய அக்கா கணவர். "நம்ம இடத்து மருந்து மாமா, கண்ணை மூடிக்கிட்டு சேருங்க" என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகச் சேர்த்துவிட்டவளே இவள்தான்.

"எந்த மேல்தட்டு சார்?"

"வாசல் பக்கம் இருக்கே, அதும்மா. சூடு மேலதானே போகும்? சட்டுனு கையெழுத்து போடுங்க. பக்கத்து ரூம்ல நெறிமுறைக் குழு உக்காந்திருக்கு, அவங்க அனுமதி கொடுத்தாதான் திங்கட்கிழமை ஆளுங்களுக்கு மருந்து."

சூடு மேலே போகும். பெரிய கண்டுபிடிப்பு! இந்த மனுஷன் எலி அறைக்குள் கால் வைத்து ஒரு வருடம் ஆகிறது. நாற்றம் ஒத்துக்கொள்ளாதாம். எல்லா எலிக்கும் வெளிச்சமும் சூடும் ஒரே மாதிரி கிடைக்க வேண்டும் என்று, திங்கட்கிழமை தவறாமல் அவள் மேல்தட்டுக் கூண்டுகளைக் கீழேயும் கீழ்த்தட்டுக் கூண்டுகளை மேலேயும் மாற்றிவைப்பாள். எந்தத் தட்டு என்று கூண்டு அட்டையில் குறித்துக் கையெழுத்தும் போடுவாள். அது தெரியாமல் வாய்க்கு வந்தபடி கதை கட்டியிருக்கிறார்.

"அந்த வாரம் மருந்து எலிங்க கீழ்த்தட்டுல இருந்துச்சு சார். மேல இருந்ததுங்க இன்னைக்கும் ஜம்முனு ஓடிக்கிட்டிருக்கு. சூடு என்ன, படியிறங்கி வந்து தேடிப் பிடிச்சுக் கொன்னுச்சா?"

பேராசிரியரின் முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து கதவைச் சாத்தினார்.

"இங்க பாருங்கம்மா. உங்க மாமா பேர் லிஸ்ட்ல இருக்குல்ல? இப்பவே எடுத்துடறேன். யாருக்கும் தெரியாது. போதுமா?"

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடி தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

"அப்போ மருந்துதான்னு உங்களுக்கே தெரியும்," என்றாள். "மீதி இருபத்து மூணு பேரும் யாருக்கும் மாமா இல்லையா சார்?"

"கத்தாதீங்க. நாலு வருஷ உழைப்பு!"

அவள் அதைக் கேட்க நிற்கவில்லை. எலி அறைக் குளிர்பெட்டியைத் திறந்தாள். செத்த எலி ஒவ்வொன்றும் அதனதன் கூண்டு அட்டையோடு பையில் இருந்தது. ஏழு பைகளையும் ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு, குழு இருந்த அறைக் கதவைத் தோளால் தள்ளினாள். தண்ணீர் பாட்டில்களை ஒதுக்கி, மேசை நடுவில் தட்டை வைத்தாள்.

குழுத் தலைவி அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அந்த வாரத்துக்கு ஏழிலும் 'கீழ்த்தட்டு' என்றிருந்தது. பின்னாலேயே மூச்சிரைக்க வந்த பேராசிரியரைப் பார்த்தார். அவர் கையில் அந்தத் தாள் இருந்தது.

"இந்த அட்டையில இருக்கிற கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான் மேடம்," என்றாள் எலியக்கா. "அவர் கையில இருக்கிற தாள்ல அது இருக்காது."