பக்கத்து சீட்

இங்கிலாந்தில் லெஸ்டரில் பதினெட்டு வருசம் இருந்துவிட்டு ஒரு மாத லீவில் மகளோடு கோவைக்கு வந்த சத்தியசீலனுக்கு நம்ம ஊர் ரோட்டைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அண்ணன் காரை ஓட்ட ஆக்டிங் டிரைவராக வந்தவர் மதுக்கரை மாசாணம். பாவம், வசவு முழுக்க அவர் காதுக்குத்தான். சீமையில் லைசென்ஸ் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை, தானே மூன்றாவது தடவைதான் டெஸ்டில் தேறியது, ஒருத்தன் செய்த தப்பை இன்னொருத்தன் ஏற்றுக்கொண்டால் அங்கே இரண்டு பேருக்கும் ஜெயில் என்று சத்தியசீலன் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மாசாணம் எல்லாவற்றுக்கும் "அப்படீங்களா" என்பார்.

சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணம். புளியம்பட்டி தாண்டியதும் சத்தியசீலன் ஸ்டீயரிங்கைக் கேட்டார். அவருடைய இந்திய லைசென்ஸ் காலாவதியாகி ஆறு வருசம். சீமை லைசென்சை வைத்து இங்கே ஓட்ட வாங்கிவர வேண்டிய பர்மிட்டும் இல்லை. மாசாணம் தயங்கினார்.

"எனக்கு நீ சொல்லிக் குடுக்கறயா?" என்று சத்தியசீலன் கேட்டதும் மாசாணம் பக்கத்து சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் எதிரே வந்த வேன் இரண்டு தடவை லைட் அடித்தது. சீமையில் அப்படி அடித்தால் 'நீ போ' என்று வழிவிடுவது. சத்தியசீலன் நன்றிக்கு ஒரு கையைத் தூக்கிவிட்டுத் திருப்பினார். மாசாணம் பதறிக் கையை நீட்டுவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. நம்ம ஊரில் 'நான் வாரேன், நில்லு' என்றல்லவா அதற்கு அர்த்தம்! வேன் எப்படியோ பிரேக் அடித்து நின்றுவிட்டது. அதை ஒட்டி வந்த பால்காரர் மொபெட்டோடு காரில் மோதி விழுந்தார். கால் முறிந்துவிட்டது.

பால்காரரை ஆம்புலன்சில் ஏற்றியதும் மாசாணம் சத்தியசீலனிடம் வந்து கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க. உங்ககிட்ட லைசென்சு இல்லீங்க, கேசு பெருசாயிப்போடும். நாந்தான் ஓட்டுனேன்னு சொல்லிக்கறேன்."

வேண்டாம் என்று சொல்ல சத்தியசீலன் வாயெடுத்தார். அதற்குள் கை சாவியைக் கொடுத்துவிட்டது. போலீஸ்காரர் வந்து யார் ஓட்டியது என்று கேட்டபோது, பின் சீட்டிலிருந்து இறங்கிய மகள் ரெபேக்கா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வருசம் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அவரோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சத்தியசீலன் தினமும் காலையில், ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று சட்டையை மாட்டுவார். கேஸ் என்று ஆனால் லெஸ்டருக்குத் திரும்ப முடியாதே என்று தோன்றும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். ரெபேக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாசாணம் பஸ்ஸில் வந்து இறங்கினார். மூன்று மாதத்துக்கு அவருடைய லைசென்சை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். ஏர்போர்ட்டுக்குத் தன்னால் வர முடியாது, வேறு டிரைவர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன், கோவித்துக்கொள்ள வேண்டாம் என்றார். ரெபேக்கா கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டு எழுந்தவர், வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, இதுனால அங்கத்த உங்க லைசென்சுக்கு ஒண்ணும் ஆயிடாதுங்களே?"

ரெபேக்கா டம்ளரை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"ஆகாது" என்றார் சத்தியசீலன். அந்த விஷயத்தில் அவர் வாய் திறந்து சொன்ன ஒரே உண்மை அதுதான்.