நனையாத லேபிள்

தண்ணீருக்கும் காகிதத்துக்கும் படைப்புக் காலம் தொட்டு இருந்துவந்த பகையைத் தீர்த்துவைத்தவன் இந்தப் பூமியில் தான் ஒருவன்தான் என்பது அய்யாத்துரையின் கருத்து. இதை அவன் பெருமைக்காகச் சொல்வதில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொல்லுகிற முகத்தோடுதான் சொல்வான். பம்பாயில் ஒரு கவர்னர் போனால் இன்னொரு கவர்னர் வருவார். அய்யாத்துரை போய்விட்டால் பாட்டில் கழுவுகிற கலை அத்தோடு சரி.

கலை நடந்த இடம் தாராவியில் உப்பங்கழியை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. ஒரு பக்கம் தோல் கிடங்குகளின் வாடை, மறுபக்கம் சேற்றின் வாடை. இரண்டும் கைகுலுக்கிக்கொள்ளும் அந்த இடத்தில் கிழக்கு வெளுக்குமுன்பே அடுப்பில் அண்டா ஏறிவிடும். சலவைச் சோடா கரைந்த வெந்நீர் ஆவி விடும். அதைச் சுற்றிக் குத்தவைத்துப் பதினைந்து இருபது பேர், கம்பியில் கட்டிய சணலை உள்ளே விட்டுத் திருகித் திருகிப் பாட்டில் கழுவுவார்கள். சோடா அவர்களுடைய விரலிடுக்குகளை அரித்து வெளுப்பாக்கியிருந்தது. மத்தியானம் சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசையும்போது எரிகிற எரிச்சலில் பலர் கண்ணை மூடிக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். வெளியாள் பார்த்தால் பக்தி என்று நினைத்திருப்பான்.

வீடு வீடாகப் பழைய சாமான் எடுக்கிற பங்கார்வாலாக்கள் மாட்டுங்காவிலிருந்தும் கோட்டைப் பக்கத்திலிருந்தும் பாட்டில்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். எல்லாம் காய்ச்சல் மருந்து தீர்ந்த பாட்டில்கள். லேபிளில் ஒரு வெள்ளைக்காரன், மார்பு மறையத் தாடி. அவன் பேரை வாசிக்க யாருக்கும் தெரியாததால் கொட்டகையில் அவன் தாடிக்காரன். அங்கே சட்டமும் ஒன்றே ஒன்றுதான். பாட்டிலை உள்ளே எப்படி வேண்டுமானாலும் கழுவலாம், தாடிக்காரன் மேல் சொட்டு விழக்கூடாது. நனைந்த பாட்டிலுக்குக் கூலி இல்லை. முன்பெல்லாம் லேபிள் உரிந்து வந்தால்தான் கழிவு. யுத்தம் நீள நீள, தாடி ஓரத்தில் ஓர் ஈரப் பொட்டு இருந்தாலே கழிவு என்றாகிவிட்டது.

முதலாளி வானமாமலையும் அவர்களுடைய ஊர்ப் பக்கத்துக்காரர்தான். பாதிப் பேரை ரயிலேற்றிக் கூட்டிவந்தவரே அவர்தான் என்பதால் எல்லாருக்கும் அண்ணாச்சி. லேபிள் எதற்கு அண்ணாச்சி என்று, கழுவுகிறவர்களில் ஒருத்தியான பேராச்சி ஒருமுறை கேட்டாள். யுத்த காலம், கண்ணாடிக்குத் தட்டுப்பாடு, பாட்டிலெல்லாம் எண்ணெய் அடைக்கப் போகிறது என்றார் அவர். எண்ணெய்க்குத் தாடி எதற்கு என்று அவள் விடவில்லை.

"அழகுக்கு" என்று அய்யாத்துரை முந்திக்கொண்டான். தனக்குப் பதில் தெரியாத கேள்வியைத் தன் தொழிலில் யாரும் கேட்பது அவனுக்குப் பிடிக்காது.

சந்தேகத்துக்கு மட்டும் கொட்டகையில் தட்டுப்பாடு வந்ததே இல்லை. அண்ணாச்சிக்கு வேலையாட்கள் மேல் சந்தேகம். சாயங்காலம் மடியையும் தூக்குச்சட்டியையும் உதறிக் காட்டிவிட்டுத்தான் வாசல் தாண்டவேண்டும். வேலையாட்களுக்கு அய்யாத்துரை மேல் சந்தேகம். முதலாளி காதில் ஓதுவது அவன்தான் என்று. அய்யாத்துரைக்குப் பெண்கள் அத்தனை பேர் மேலும் சந்தேகம். வேண்டுமென்றே நனைக்கிறார்கள் என்று. கழுவிய பாட்டில்கள் கோணி போர்த்திய கைவண்டியில் ஏறி எங்கே போகின்றன என்பதை எல்லாரும் ஒற்றுமையாகச் சந்தேகப்பட்டார்கள். வாய்விட்டு யாரும் கேட்கவில்லை.

அதிகம் நனைப்பவள் பேராச்சிதான். புருஷன் போனபிறகு வேலைக்கு வந்தவள், கை இன்னும் பழகவில்லை. "என்னட்டி, தாடிக்காரனக் குளிப்பாட்டியாச்சா? பவுடர் போட்டுப் பொட்டும் வச்சு விடு, பொண்ணு வீட்டுக்காரங்க பாக்க வந்திருவாக" என்பான் அய்யாத்துரை. எல்லாரும் சிரிப்பார்கள். ஒருநாள் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டிலின் வாய் சில்லுத் தெறித்து அவள் கட்டைவிரலைப் பிளந்துவிட்டது. சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பாட்டிலை உடைசல் பக்கம் தள்ளினாள். அய்யாத்துரை அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். லேபிள் பொரிகடலை போல உலர்ந்திருந்தது.

"வாய் ஒடஞ்சா என்னட்டி, மூஞ்சி நல்லாத்தான இருக்கு" என்று நல்ல பாட்டில்களோடு சேர்த்தே அடுக்கினான்.

மழை விட்டதும் காய்ச்சல் தொடங்கியது. காய்ச்சல் மருந்துப் பட்டை விளைகிற ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்ததிலிருந்து அந்த மருந்து பட்டாளத்துக்கே பற்றவில்லையாம். பேராச்சியின் ஆறு வயது மகள் முருகம்மாள் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரில் கட்டிலோடு ஆடினாள். தர்ம டிஸ்பென்சரியில் வரிசை இருந்தது, வரிசையை நேராக்க ஒரு சேவகன் இருந்தான், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்க டாக்டரும் இருந்தார். மருந்து மட்டும் இல்லை. மலேரியா, வெளியில் வாங்கிக் கொடு என்று டாக்டர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பேராச்சி பஜாருக்குப் போனாள். கடைக்காரன் வேறொரு மருந்தைத்தான் முதலில் எடுத்து வைத்தான். அவள் வேண்டாம் என்று பின்னால் அலமாரியில் இருந்த தாடிக்காரனைக் காட்டினாள். மாட்டுங்காவில் இருக்கிற படித்தவர்கள் இத்தனை பாட்டில் குடித்துத் தீர்த்திருக்கிறார்கள் என்றால் அது பிழைக்க வைக்கிற மருந்தாகத்தானே இருக்கவேண்டும்? காலிப் பாட்டிலை வைத்து மருந்தை நம்புகிற அந்த நம்பிக்கை, பாட்டில் கழுவுகிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடியது.

மருந்து பாதிக்குமேல் தீர்ந்தது. காய்ச்சல் தீரவில்லை. குழந்தை ஆளை அடையாளம் காணாமல் பிதற்றத் தொடங்கியது. மறுநாள் விடிகாலையில் பேராச்சி பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். வெளியே போகிற மடியைத்தான் சோதிப்பார்கள், உள்ளே வருகிற மடியைச் சோதிக்க அண்ணாச்சிக்குத் தோன்றியதில்லை. அடுப்பு வெளிச்சத்தில் பாட்டிலின் வாயைக் காட்டினாள். பாதி நகம் அளவுக்குச் சில்லுப் போயிருந்தது. அவள் கட்டைவிரலைக் கொண்டுபோய் அங்கே வைத்தாள். தழும்பு அதில் உட்கார்ந்தது.

பேராச்சியை அடுத்து உட்கார்ந்து கழுவுகிற சைனப் காயல்பட்டினத்துக்காரி. எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். மறுபடியும் நக்கினாள்.

"கருப்பட்டி" என்றாள். "நம்ம ஊருச் சரக்கு. கலப்படமே கெடையாது."

அய்யாத்துரையின் கண் பழக்கத்தில் லேபிளுக்குத்தான் போயிற்று. ஒரு பொட்டு ஈரமில்லை, ஒரு சுருக்கமில்லை. அவன் கை பட்ட பாட்டில் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, எங்காவது ஓர் ஓரம் நனைந்திருக்கக்கூடாதா என்று அவன் தேடினான். நல்ல வேலை. குறையே இல்லை.

மத்தியானம் எல்லாரும் போய் அண்ணாச்சியின் மேசை முன்னால் நின்றார்கள். அய்யாத்துரை கடைசியில், தூணை ஒட்டி நின்றான். கூட வந்தவன் என்றும் சொல்லலாம், வேடிக்கை பார்க்க வந்தவன் என்றும் சொல்லலாம். வானமாமலை பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பம்பாயில் ஆயிரம் பாட்டில் வாய் உடைந்திருக்கும், உன் விரலை அளவெடுத்தா உடைகிறது என்றார். கருப்பட்டியும் ஆயிரம் கடையில் கிடைக்குமோ என்று சைனப் கேட்டாள். அவருக்குச் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேராச்சியிடம் மட்டும் பேசினார்.

"ஏட்டி, பிள்ள காரியத்துல எதுக்குப் பேச்ச வளக்கிய? மாட்டுங்காவுல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. நான் சொல்லுதேன். நல்ல மருந்தா வாங்கித் தாரேன். நீ போயி வேலயப் பாரு."

 பேராச்சி தலையாட்டிவிடுவாள் என்றுதான் அய்யாத்துரை நினைத்தான். பிள்ளை சாகக் கிடக்கிறது, யார்தான் ஆட்டமாட்டார்கள்?

"நல்ல மருந்துன்னா," என்றாள் அவள், "இது என்ன மருந்து, அண்ணாச்சி?"

மேசைமேல் ஈ ஒன்று தாடிக்காரன் முகத்தில் நடந்து போயிற்று.

"இது பாட்டில் கழுவுத எடம்" என்றார் வானமாமலை. "மருந்தப் பத்திப் பேசணும்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க. கோவண்டியில இந்த வேலைக்கு ஆளு வரிசையா நிக்கான்."

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன பாதியை மட்டும் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அப்போதே வேலையைப் போட்டுவிட்டுப் பிள்ளையை மாற்றி மாற்றித் தோளில் போட்டு மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு நடந்து, பரேல் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டில் இல்லை, வராந்தாவில் பாய் கிடைத்தது. ஊசி போட்டார்கள். சாயங்காலம் குழந்தை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது. மூன்று நாள் தாண்டட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். பேராச்சி அங்கேயே தங்கிவிட்டாள்.

மற்றவர்கள் திரும்பிவந்து குழாயடியில் நின்று பேசினார்கள். லேபிள் ஒட்டியிருக்கிறவரைதான் அது மருந்துப் பாட்டில், உரித்துவிட்டால் வெறும் கண்ணாடி என்றாள் சைனப். இனி முக்கிக் கழுவுவது, கூலியில் கைவைக்க விடுவதில்லை என்று முடிவாயிற்று. கோவண்டி ஆட்களை வாசலில் மறித்துப் பேசுவதற்குத் தோல் கிடங்குச் சங்கத்துக்காரர்கள் வருவதாக ஏற்றுக்கொண்டார்கள். அய்யாத்துரை குடத்தோடு வந்ததும் பேச்சு நின்றது. அவனாகவே அறிந்துகொண்டவன் போல, "நனைக்கதுக்கு நான் கையப் பழக்கல" என்று சொல்லிவிட்டுக் குடம் நிறையுமுன்பே எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் விடியுமுன் அண்டா ஏறியது. ஒருவர் பின் ஒருவராகப் பாட்டில்களைக் கழுத்துவரை முக்கினார்கள். வானமாமலை வந்தபோது தண்ணீர்மேல் தாடிக்காரர்கள் கூட்டமாக மிதந்துகொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே தோல் கிடங்கு ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் மேல் சுண்ணாம்பு வாடை. நாளைக்கு வாசலில் பூட்டுத் தொங்கும் என்றார் வானமாமலை. யாரும் தலை நிமிரவில்லை. போலீசைக் கூப்பிடுவேன் என்றார். போலீசிடம் நாங்களும் ஒரு பாட்டில் காட்டவேண்டியிருக்கிறது என்றாள் சைனப். அவர் பார்வை கொட்டகையைச் சுற்றிவந்து, தூணருகே நின்றவன் மேல் விழுந்தது.

"அய்யாத்துரை, நீ ஒருத்தன் போதும்டே. இன்னையிலேருந்து நீதான் மேஸ்திரி. எப்படிக் கழுவணும்னு இவங்களுக்குக் காட்டு."

எல்லாக் கைகளும் நின்றன. அத்தனை கண்களிலும் பழைய சந்தேகம்.

அய்யாத்துரை வேட்டியை மடித்துக் கட்டினான். அவனுக்கென்று போட்டிருந்த முக்காலியைத் தாண்டிப் போய், பேராச்சியின் காலி இடத்தில் குத்தவைத்தான். ஒரு பாட்டிலை எடுத்து வழக்கம்போல வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பிறகு, கைக்குழந்தையை இறக்குகிற பதனத்தோடு, அதை முழுக்கத் தண்ணீருக்குள் இறக்கினான்.

பழகாத வேலை. பசை ஊறக் காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டைவிரலால் ஓரத்தைத் தேய்த்தான். முதலில் தாடி பிரிந்தது, பிறகு முகம். சைனப் தன் கூடையை நகர்த்தி அவனுக்குக் கால் நீட்ட இடம் விட்டாள். அவன் அடுத்த பாட்டிலுக்குக் கை நீட்டினான்.