அக்கா கொடுத்த இடுப்புப் பெல்ட்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்தத் தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சொல்லப்போவது மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்க வேண்டிய கதை. நாற்றம் முதலில் வரும், பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் ஒருத்தி வேலை பார்த்தாள். பேரன் எடுத்த பிறகும் சொந்தபந்தத்துக்கு அவள் சின்னவள்தான். யார் யாரோ புரண்ட படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு இயந்திரத்திலிருந்து வாரித் தள்ளுவண்டியில் போடுவது அவள் வேலை. அடுத்தவர் அழுக்கு அவளுக்குப் புதிதில்லை. ஆனால் முதுகுவலிக்காகத் தன் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டை நினைத்தால்தான் குமட்டிக்கொண்டு வந்தது. அது அவள் அக்கா கட்டிக் கழித்துக் கொடுத்தது. அதன் ஒட்டும் பட்டையில் அக்காவின் நரைமுடி சுருண்டு சிக்கிக் கிடந்தது. தைலமும் புளித்த வியர்வையும் கலந்த வாடை, சலவைக்காரி துவைத்தே போகாத வாடை.

அக்காவுக்குச் சில வருடங்களுக்கு முன் முதுகில் ஆபரேஷன் நடந்தது. அன்று படுத்தவள்தான், எழுந்திருக்கவில்லை. இப்போது சின்னவளுக்கும் அதே முதுகு, அதே டாக்டர். நரம்பு நசுங்கி இடது பாதம் மரத்துவிட்டது. செருப்பு கழன்றாலும் அவளுக்குத் தெரிவதில்லை. தள்ளிப்போட்டால் அந்தக் கால் திரும்பாது, வலி முழுதும் போகும் என்று சத்தியம் பண்ண மாட்டேன், காலைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் முடிவை அவளிடமே விட்டார். மற்றபடி வாய் இருக்கிறவர்கள் எல்லாரும் பாடியது ஒரே பாட்டு: உன் அக்காவைப் பார்.

சரி, பார்த்தே விடுவோம் என்று கிளம்பிப் போனாள்.

தரை பிசுபிசுக்கிறது, செருப்போடே வாருங்கள் சித்தி என்றாள் அக்காவின் மருமகள். அறைக்குள் நுழைந்ததும் தைல நெடி கண்ணில் அடித்தது. கட்டிலருகே சளி துப்பிய கிண்ணம், அதன் மேல் ஓர் ஈ. விரிப்பில் வெட்டிப்போட்ட கால் நகங்கள். மருமகள்தான் வெட்டிவிட்டாளாம். அக்கா முனகிக்கொண்டே ரவிக்கையைத் தூக்கித் தழும்பைக் காட்டினாள். காட்டினால் போதாதென்று தங்கையின் விரலைப் பிடித்து அதன் மேல் தேய்த்தாள். கோந்து காய்ந்தது போல் வழுவழுவென்று இருந்தது.

"என்னைப் பார்த்தும் புத்தி வரலையாடி? கத்தியை வைக்க விடாதே" என்றாள்.

சின்னவள் வெளியே வந்துவிட்டாள். ஆபரேஷன் வேண்டாம் என்றே மனசுக்குள் முடிவும் பண்ணிவிட்டாள். தெருவில் கொஞ்சம் நடந்து தற்செயலாகக் கீழே பார்த்தால், இடது காலில் செருப்பைக் காணோம். யாரோ காறித் துப்பியதை வெறுங்காலால் மிதித்திருந்தாள், அது விரலிடுக்கில் இழைந்துகொண்டிருந்தது. பார்த்தாளே தவிர, காலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

செருப்பெடுக்கத் திரும்பிப் போனாள். மருமகள் பின்கட்டில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். அறைக்குள் எட்டிப் பார்த்தால், அக்கா தரையில் குத்துக்காலிட்டு, தலையைக் கட்டிலுக்கடியில் விட்டு ஒரு பிஸ்கட் டப்பாவை இழுத்துக்கொண்டிருந்தாள். எதையும் பிடிக்காமல் சுளுவாக எழுந்து நின்றாள். வாய் நிறைய பிஸ்கட்.

"கதவைச் சாத்துடி."

"உனக்கு வலியே இல்லையா?"

"எப்பவோ போயிடுச்சு. எழுந்து நடந்தா நாளைக்கே கரண்டியைக் கையில கொடுப்பாங்க. இத்தனை வருஷம் மாடா உழைச்சேனே, ஒருத்தராவது உக்காருன்னு சொன்னாங்களா?"

அது பொய்யில்லை. சின்னவளுக்கு ஒரு கணம் மனசு இளகக்கூடச் செய்தது.

"சரி. என்னை எதுக்குத் தடுத்தே?"

அக்கா மென்று விழுங்கினாள். "நீ பண்ணிக்கிட்டு ஜம்முன்னு நடந்துட்டா, அப்புறம் என்னை யாரு நம்புவா?"

"என் கால் போனா?"

"போனா இங்க வந்துடு. பக்கத்துலயே ஒரு கட்டில் போட்டுக்கலாம்."

சின்னவள் பெல்ட்டை அவிழ்த்து டப்பாவின் மேல் போட்டாள். கட்டிலருகே கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினால், மருமகள் ஒரு கையில் வெந்நீரும் ஒரு கை தன் இடுப்பிலுமாக வந்துகொண்டிருந்தாள்.

"அங்கேயே வைம்மா. கட்டிலுக்கடியில போறவங்க வாசப்படி வரைக்கும் வரமாட்டாங்களா?" என்றாள் சின்னவள்.

உள்ளே அக்கா 'அம்மா' என்று ஆரம்பித்தாள். பாதியில் பிஸ்கட் தொண்டையை அடைத்தது.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் காலைத் தேய் தேய் என்று தேய்த்தாள். வாசலில் வீட்டுக்காரரின் காலடி கேட்டது. அவள் வாயிலிருந்து தானாக ஒரு முனகல் கிளம்பியது: "அம்மா." அப்போது வலிக்கவே இல்லை. அக்காவின் ராகம் அப்படியே இருந்தது. தன் வாயையும் அந்தச் சோப்பால் கழுவலாம் போலிருந்தது அவளுக்கு.

"டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, பண்ணிக்கறேன்னு."

"பயம் போயிடுச்சா?" என்றார் அவர்.

"எங்க போச்சு? அந்தக் கட்டிலை நெனச்சா கொமட்டுது, அவ்வளவுதான்."

பண்ணிக்கொண்டாள். வலி முழுதும் போகவில்லை, குளிர் நாளில் இன்னும் பிடிக்கிறது. ஆனால் செருப்பு கழன்றால் இப்போது காலுக்குத் தெரிகிறது.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் உழைத்த முதுகுக்கு, நோய் வரும்வரை காத்திருக்காமல் ஓய்வு கிடைக்கட்டும். வெந்நீர் தூக்குகிற கைக்கும் ஒருவர் வெந்நீர் வைத்துக் கொடுக்கட்டும். எல்லாரும் நிமிர்ந்து நடந்து நன்றாக இருங்கள்.