பைண்டர் செய்த பைப் புகையிலை

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. ஆரஞ்சுத் தோல் என்று எழுதப்போகிறேன், எலுமிச்சையாகவும் இருந்திருக்கலாம். புத்தக பைண்டரோடு அவருடைய மச்சான் பேசாமல் இருந்தது ஆறு வருடமா ஏழா என்பதிலும் குழப்பம் உண்டு. பைண்டர் பட்ட பாடு மட்டும் மனதில் அப்படியே நிற்கிறது.

பைண்டருக்குப் புகைக்கும் பழக்கம் கிடையாது. பைப் பிடிப்பவர் அவருடைய மனைவியின் அண்ணன், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். அவர் ஒருமுறை தன் அப்பாவின் பழைய குறிப்பேட்டை பைண்டிங்குக்குக் கொடுத்தார். பக்க ஓரங்களில் எல்லாம் பெரியவர் பொடி எழுத்தில் ஏதேதோ எழுதி வைத்திருந்தார். பைண்டர் தைத்தார், ஒட்டினார், வழக்கம்போல் மூன்று பக்கமும் ஓரம் வெட்டினார். கீழே விழுந்த காகிதத் துண்டுகளில் எழுத்தைப் பார்த்த பிறகுதான் செய்தது உறைத்தது. வாயைத் திறக்கவில்லை. அழகாக அட்டை போட்டு, பொன்னெழுத்துப் பதித்துக் கொடுத்துவிட்டார். மச்சான் வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தார். அன்றோடு பேச்சு நின்றது.

"ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நான் தபால்காரி வேலை பாத்தது போதும்," என்றாள் மனைவி ஒருநாள். "அண்ணன் பைப்புக்குப் போடுற சரக்கு இப்ப கடைக்கே வர்றதில்லையாம். நீங்கதான் நாள் பூரா எதையாவது காய்ச்சி, நனைச்சு, அமுக்கிக்கிட்டே இருக்கீங்களே. அதையும் செஞ்சு குடுங்களேன்."

பைண்டர் ஒரு வாரம் யோசித்தார். அவருக்கு யோசிப்பது என்றால் பேசாமல் இருப்பது.

பிறகு புகையிலை வாங்கிவந்தார். நடு நரம்பை உரித்தார், இலைகளை ஆவியில் காட்டிப் பதமாக்கினார், நாடா நாடாவாக நறுக்கினார். பட்டறை அடுப்பில் தேனும் கொஞ்சம் ரம்மும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, இலையில் பிசறினார். ஒரு வாரம் ஊறிய பிறகு, இரண்டு புதுப் பலகைகளுக்கு நடுவே வைத்து, புத்தகம் அமுக்கும் திருகுப் பிரஸ்ஸில் பத்து நாள் இறுக்கினார். வெளியே எடுத்தபோது கருத்த அகராதி மாதிரி கட்டியாக இருந்தது. மெல்லிய வில்லைகளாகச் சீவினார். அந்த மணத்துக்கு மனைவியே வாசற்படியில் நின்று மூச்சை இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமை டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். "வாங்கி மேசையில வெச்சுக்கிட்டாரு. ஒண்ணும் சொல்லல," என்றாள்.

மறுநாள் காலையில் பைண்டர் பசை காய்ச்சினார். மாவு கெட்டிப்பட்டதும் கை தானாக அலமாரிக்குப் போனது; நீலப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துச் சட்டியில் போட்டது. மயில்துத்தம். அது இல்லாவிட்டால் பூச்சி புத்தகத்தைத் தின்றுவிடும். மனிதன் உடம்புக்குள் போனால் விஷம். நாற்பது வருடமாக அந்தக் கை அவரைக் கேட்டுக்கொண்டு அதைப் போட்டதில்லை.

அவர் கரண்டியோடு அப்படியே நின்றார். தேன் கெட்டிப்பட்டதும் இதே அடுப்பில்தான், இதே கரண்டியில்தான். ஆரஞ்சுத் தோல் மிதந்தது ஞாபகம் இருந்தது. தேன் பொங்கியது ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு கை என்ன செய்தது?

மனைவியிடம் சொன்னார். அவள் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மச்சான் காலை வேளையில் போனைத் தொடமாட்டார்.

"நான் போறேன்," என்றாள். "பூஞ்சை பிடிச்சிருச்சுன்னு சொல்லி வாங்கிட்டு வந்துடறேன். உங்க பேரு கெட வேண்டாம். இது தெரிஞ்சா அண்ணன் ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டாரு."

 பைண்டர் தானே செருப்பை மாட்டினார்.

இருபது நிமிட நடை. மச்சான் கதவைத் திறந்தார். கையில் பைப் இருந்தது. புகையிலை அடைத்திருந்தது, இன்னும் பற்றவைக்கவில்லை.

"மச்சான், அதைக் குடிக்காதீங்க."

"வாசல்ல நின்னு சொல்ற விஷயமா இது? உள்ள வாங்க மாப்ளே."

உட்கார்ந்தார்கள். பைண்டர் எல்லாவற்றையும் சொன்னார். மச்சான் பைப்பை மேசையில் வைத்தார்.

"போட்டீங்களா, போடலையா?"

"தெரியல."

"தெரியலங்கிறதைச் சொல்லவா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?"

"ஆமா."

மச்சான் ஒரு வில்லையைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டார். நீலம் தெரிகிறதா என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள். பழுப்பாகக் கரைந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. மச்சான் தம்ளரை ஓரமாக நகர்த்தினார்.

"அப்பாவோட எழுத்தை வெட்டுன அன்னைக்கு இந்தக் காலு எங்க போச்சு மாப்ளே?"

"பயந்துட்டேன் மச்சான்."

"இப்ப?"

"இப்பவும்தான்."

மச்சான் எழுந்து பைப்பைத் தட்டிக் காலி செய்தார். டப்பாவில் இருந்ததையும் குப்பைக் கூடையில் கொட்டினார். "வாசனை என்னவோ ராஜ வாசனைதான்," என்றவர், உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை அதிகம். பைண்டர் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

மயில்துத்தம் விழுந்ததா இல்லையா என்பது கடைசிவரை தெரியவில்லை. பைண்டர் அதன்பின் புகையிலை செய்யவில்லை. கண்ணில் புரை விழுந்து பட்டறையை மூடினார். மச்சான் நான்கு வருடம் கடையில் கிடைத்த வேறு சரக்கைப் புகைத்தார், டாக்டர் சொன்னதும் நிறுத்தினார், போன வருடம் தூக்கத்தில் இறந்தார். அவருக்குப் பின் தங்கையிடம் வந்த குறிப்பேடு பைண்டர் வீட்டில் இருக்கிறது. மனைவிக்கு முட்டிவலி, மற்றபடி நன்றாக இருக்கிறாள்.