வேலை போகாத ஜேசனுக்கு ஒரு பூசை

பெருமாள்மலையில் யார் வீட்டுக் குழம்பில் உப்பு தூக்கல் என்பதுவரை அறிந்த சூசையம்மாளுக்கே பக்கத்து வீட்டு விவகாரம் பிடிபடவில்லை.

ஜேசனுக்கும் அவன் பெண்டாட்டி ஃபெமினாவுக்கும் கொடைக்கானலில் ஹோட்டல் ரூம் புக்கிங் கம்பெனி ஒன்றிலேயே வேலை. கொரோனாவிலிருந்து இருவரும் வீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். இந்த மாதம் பார்த்தால் ஃபெமினா மட்டும் வெள்ளனே பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். ஜேசன் லுங்கியோடு வாசலில் நின்று பல் விளக்குகிறான்.

வேறென்ன, பையனுக்கு வேலை போய்விட்டது. கேட்டால் மனம் நோகுமே என்று சூசையம்மாள் ஆயுளில் முதல் தடவையாக ஒன்றைக் கேட்காமல் விட்டாள். அதுதான் வினை. நேராகச் சர்ச்சுக்குப் போய், பூசையில் அவனுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி உபதேசியாரிடம் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாமியார் வாசித்தார்: வேலை இழந்து தவிக்கும் ஜேசனுக்காக மன்றாடுவோம். எந்த ஜேசன் பாவம் என்று ஜேசனே திரும்பிப் பார்த்தான்.

பூசை முடிந்ததும் ஃபெமினா நேரே சூசையம்மாளிடம் வந்தாள். கம்பெனியில், இருவரில் ஒருவர் ஆபீஸ் வந்தால் போதும், யாரென்று நீங்களே சொல்லுங்கள் என்றார்களாம். இவள்தான் கையைத் தூக்கினாளாம். ஜேசனுக்கு அதுவே நிம்மதியாம்.

"ஏம்மா, பொம்பளைக்குத்தான வீட்டுலருந்து வேல பாக்குறது வசதி? திண்டுக்கல்ல என் மருமக மேனேஜரோட சண்ட போட்டுல்ல அத வாங்குனா."

"அவங்களுக்குக் கைப்பிள்ளை, ஆன்ட்டி. நான் வீட்ல இருந்தா மீட்டிங் நடுவுல மாவாட்டணும், துணி எடுக்கணும், தெருவுக்கே சிலிண்டர் வாங்கி வைக்கணும். அவரு இருந்தா கதவச் சாத்திக்கிட்டு ஆபீஸ் சோலி மட்டும் பாப்பாரு. எனக்குச் சாத்திக்கிற கதவு ஆபீஸ்லதான் இருக்கு."

மருமகள் வீட்டிலிருக்கச் சண்டை போடுகிறாள், இவள் வீட்டிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறாள். சூசையம்மாளுக்குத் தலை சுற்றியது. அந்தச் சிலிண்டர்களில் ஒன்று தன்னுடையது என்பதும் லேசாக உறைத்தது. உடனே மறந்துவிட்டாள்.

அதற்குள் ஊரே ஜேசனிடம் துக்கம் விசாரித்தது. பேக்கரிக்காரர் கல்லாவில் உட்காரக் கூப்பிட்டார். மானம் போன ஜேசன், இனி நான் ஆபீஸ் போகிறேன், நீ வீட்டில் இரு என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டான். ஜன்னல் திறந்திருந்ததால் இது சூசையம்மாள் காதில் விழுந்தது. ஃபெமினா சொன்ன பதில்தான் விழவில்லை.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில் இருவரும் நின்றார்கள். அவன் இஸ்திரி போட்ட சட்டையில், அவள் வழக்கம்போலப் பையோடு. சூசையம்மாள் பால் வாங்குகிற சாக்கில் எதிரே நின்றாள். பஸ் வந்ததும் ஃபெமினா முந்திக்கொண்டு ஏறி, படியில் நின்று திரும்பினாள்.

"ஏங்க, குக்கர்ல பருப்பு வச்சிட்டு வந்திருக்கேன். வெரசா போயி அடுப்ப அணைங்க."

ஜேசன் பஸ்ஸைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான், மேட்டில் ஏறி ஓடினான். பஸ் கிளம்பிவிட்டது.

இதில் யார் பாவம் என்று சூசையம்மாளால் முடிவுகட்ட முடியவில்லை. இருந்தாலும் அவன் பின்னாலேயே வேகமாக நடந்தாள். அடுப்பை அணைத்தானா என்று பார்க்க வேண்டாமா?