முணுமுணு அக்கா

பூர்வீகம் தேடி அலைகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இருக்கிற சொந்தக்காரர்களைச் சமாளிக்கவே ஒரு ஆயுசு போதவில்லை. இதில் செத்துப்போனவர்களையும் தோண்டியெடுத்து உறவு கொண்டாட வேண்டுமா? நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். எதிரில் இருப்பதைத் தெரியவைத்தால் போதும் என்று நினைக்கிற ஆள்.

ஆனால் கேட்டது அம்மா. எண்பத்தோரு வயது. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற என்னால் அவளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஆற்றாமையில் அவள் எது கேட்டாலும் முதலில் எரிந்து விழுவேன், பிறகு செய்துவிடுவேன்.

அன்று ரேடியோவில் ஒரு அறிவிப்பு. பழைய நாடகக் கம்பெனி ஒன்றின் சாமான்கள் நூலகத்துக்கு வந்திருக்கின்றன, குடும்பத்தில் யாராவது அதில் இருந்திருந்தால் வந்து பார்க்கலாம் என்றார்கள். அம்மா ரேடியோவை அணைத்தாள்.

"எங்கக்கா போன கம்பெனிடா அது. போய்ப் பாரு."

பெரியம்மாவின் கதை எனக்குத் தெரியும். அதாவது, அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்ற அளவுக்குத் தெரியும். அம்மாவைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். வளர்த்தது பன்னிரண்டு வயது மூத்த அக்காதான். கம்பெனி மூன்று மாதம் கொட்டகை போட்டிருந்தது. அக்காவின் கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்று யாரோ சொல்ல, வசனத்தைப் பிரதி எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி கிளம்பிய அன்று அவளும் கிளம்பிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஆறு வயது அம்மா, வீட்டில் அக்கா இல்லாததைப் பார்த்தாள். தாத்தா மகளைத் தலைமுழுகி, இருந்த படங்களையும் கிழித்துப் போட்டுவிட்டார்.

"சரி, அங்க போய் என்னத்தைப் பாக்குறது?"

"அவ என்னை நெனைச்சாளான்னு பாரு."

"அதெல்லாம் யாராவது எழுதி வெச்சிருப்பாங்களாம்மா?"

"எனக்கென்ன தெரியும். எழுபத்தஞ்சு வருஷமா கேக்குறதுக்கு ஆள் கெடைக்கல. நீ போய்க் கேளு."

நூலகத்தில் மாடியறை. நீள மேசை, அட்டைப்பெட்டிகள், நடுவே ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண். அவள் கண்ணாடிக் காம்பு ஆடிக்கொண்டிருந்தது, எனக்குப் பொறுக்கவில்லை. சட்டைப்பையில் இருந்த குட்டித் திருப்புளியை எடுத்து முடுக்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் எல்லாப் பெட்டிகளையும் எனக்குத் திறந்துவிட்டாள்.

நூற்றிருபது புகைப்படங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ராணிகள், தோழிகள், ரிஷிபத்தினிகள். அம்மாவின் நீள மூக்கு எந்த முகத்திலும் இல்லை. கொஞ்சம் ஜாடை தெரிந்த இரண்டு ராணிகளைக் காட்டினேன். இரண்டு பேரும் ஆம்பிளைகள் என்றாள் அந்தப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு. நான் கடுப்பாகிக் கிளம்ப எழுந்தேன்.

"சார், உங்க பெரியம்மா நடிச்சாங்கன்னு யார் சொன்னது?"

"நாடகக் கம்பெனிக்குப் போனவ பின்ன என்னம்மா, துணியா துவைச்சா?"

அவள் காக்கி அட்டை போட்ட தடிமனான நோட்டு ஒன்றை எடுத்துவந்தாள். ஒரு நாடகம் முழுவதும் கையெழுத்தில். உள்ளட்டையில் பெரியம்மாவின் பெயர், அதன் கீழே 'தகப்பனார்' என்று போட்டு என் தாத்தாவின் பெயர். தலைமுழுகிய மனிதரை அவள் கூடவே வைத்திருந்திருக்கிறாள்.

"இவங்க பிராம்ப்டர் சார். பக்கத்துத் திரைக்குப் பின்னாடி முக்காலி போட்டு உட்கார்ந்து, நடிகர் மறந்தா வசனத்தை எடுத்துக் குடுக்கிறவங்க. இருபத்தாறு வருஷம். கம்பெனி கலைஞ்ச வருஷமே போயிட்டாங்க. முணுமுணு அக்கான்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்களாம். மேடைக்கு வந்ததே இல்ல, அதனாலதான் படத்துல இல்ல."

நோட்டின் ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். 'இங்கே ராஜா மறப்பார். முதல் எழுத்து போதும்.' 'மந்திரிக்கு இடது காது மந்தம், வலப்பக்கம் போ.' 'இவர் மறந்ததுபோல் நிற்பார், மறக்கவில்லை, பேசாமல் இரு.' மேடையில் கைதட்டு வாங்கியவர்களின் பயமெல்லாம் அவளிடம்தான் இருந்திருக்கிறது.

மூன்றாம் அங்கத்தில் ஓரிடத்தைக் காட்டினாள் அந்தப் பெண். "இதுதான் எனக்குப் புரியல. வசனத்துல கை வைக்க பிராம்ப்டருக்கு உரிமையே கிடையாது. இவங்க அடிச்சிட்டு வேற எழுதியிருக்காங்க. நாடக ஆசிரியரும் 'இப்படியே இருக்கட்டும்'னு கையெழுத்துப் போட்டிருக்கார்."

எனக்கும் புரியவில்லை. முதல் அங்கத்திலிருந்து அந்த அங்கம் வரை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா சாப்பாட்டு மேசையில் காத்திருந்தாள். எல்லாம் சொன்னேன். நடிக்கவே இல்லை என்றதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "என்னைப் பத்தி?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்றாம் அங்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

ராணி நாட்டை விட்டுப் போக வேண்டும். போகுமுன் மகளுக்குத் தலை வாரிவிடுகிறாள். மகள் சொல்ல வேண்டிய வசனம்: 'அன்னையே! கருணைக் கடலே! எம்மைக் கைவிட்டு ஏகுதல் தகுமோ?' எந்தக் குழந்தை இப்படிப் பேசும்? அதை அடித்துவிட்டு மேலே பென்சிலால் எழுதியிருந்ததைப் படித்தேன்.

"ராணி கேக்குறா, 'வலிக்குதா?' குழந்தை சொல்லுது, 'எனக்கில்ல, உனக்கு?' ராணி, 'எனக்கெதுக்குடி வலிக்கப் போகுது?'"

அத்தோடு பக்கம் முடிந்தது. அடுத்த தாளைத் தேடினேன்; முன்பின்னாக அடுக்கித் தொலைத்திருந்தேன்.

"நீதானே இழுக்கிற. கை வலிக்காதா?" என்றாள் அம்மா.

தாள் கிடைத்தது. ஓர் எழுத்துப் பிசகாமல் அதுவேதான் இருந்தது.

ராணியின் அடுத்த வரியைப் படித்தேன். "'வலிச்சா என்ன பண்ணுவே?'"

"ஊதிவிடுவேன்."

'குழந்தை ராணியின் விரல்களில் ஊதுகிறாள்' என்று எழுதியிருந்தது.

அம்மா இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தாள். "தெனமும் காலையில தலை வாரும்போது இதான்டா பேசுவோம். எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவ போனதும் அப்பா என் முடியைக் கட்டையா வெட்டி விட்டுட்டார், வாரிவிட ஆளில்லன்னு."

ஓரத்தில் பென்சில் குறிப்பு ஒன்று இருந்தது. படிக்கலாமா என்று ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுப் படித்தேன். "'இங்கே எனக்குத்தான் குரல் போகும். முன்னதாகவே தண்ணீர் குடித்துவிடு.'"

அம்மா அழுதாள். நானும் அழுதேன், வெட்கமாக இல்லை. இருபத்தாறு வருஷம், ஊர் ஊராக, ஏதோ ஒரு குழந்தை என் அம்மாவின் பேச்சைப் பேசியிருக்கிறது. இவளோ, அக்கா ஒரு வார்த்தை சொல்லாமல் போனாளே என்று இங்கே புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அம்மா கேட்டாள். "இது எடைவேளைக்கு முன்னாடியா, அப்புறமா?"

"மூணாம் அங்கம்மா. அப்புறம்தான். ஏன்?"

"இருபது வயசுல இந்த நாடகத்துக்குப் போனேன்டா. அப்பாவுக்குத் தெரியாம. முதல் வரிசையில உட்கார்ந்து, மேடைக்கு வந்தவங்க மூஞ்சியெல்லாம் பார்த்தேன். அவ இல்ல. கோவத்துல எடைவேளையிலயே எழுந்து வந்துட்டேன்."

இடைவேளைக்கு முன்னாடி என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் இப்போது வழியில்லை.

"பத்தடி தள்ளித்தான் இருந்திருக்கா," என்றாள் அம்மா. முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். "முதல்லேருந்து படி. இப்ப எழுந்து போக மாட்டேன்."