சம்பந்தி வீட்டில் மூன்று லிட்டர்

நெற்றியில் அக்கி கண்டதும், கண்ணுக்கு இறங்கிவிடக் கூடாதே என்று ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார் ஓய்வுபெற்ற சர்வேயர். பெண் கொடுத்த இடத்தில் ஒருவேளைக்கு மேல் தங்கியறியாதவர். டாக்டர் தினம் ஐந்து வேளை மாத்திரை எழுதி, மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்காவிட்டால் மருந்து சிறுநீரகத்தில் படிந்து அடைத்துவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

குடிப்பதில் சிக்கலில்லை. கழிவறைதான் சிக்கல். அந்த வீட்டில் இருந்த ஒரே கழிவறைக்குச் சம்பந்தி தம்பதியின் படுக்கையறையைத் தாண்டித்தான் போகவேண்டும். சம்பந்தியம்மாள் மூட்டுவலியால் பாதி நாள் படுக்கையில் இருப்பவர். ஒரு மூன்றாம் மனிதர் பத்துத் தடவை அங்கே நுழைவதாவது! காலையில் ஒன்று, படுக்குமுன் ஒன்று என்று நிறுத்திக்கொண்டார். மகள் நிரப்பி வைத்த தண்ணீர், அவள் வேலைக்குக் கிளம்பியதும் பால்கனிச் செடிகளுக்குப் போயிற்று.

நான்காம் நாள் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் இரண்டைத் தாண்டியிருந்தது. வந்த அன்று ஒன்றுகூட இல்லை. சிறுநீரகம் தடுமாறுகிறது, தண்ணீரே குடிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். மூன்று பாட்டிலும் காலியாகிறதே என்று மகள் பதறினாள். சர்வேயர் சுவரைப் பார்த்தார்.

கூட வந்திருந்த சம்பந்தி பஸ் கண்டக்டராக இருந்தவர். மெதுவாகச் சொன்னார்: "எங்க வீட்டுச் செடியெல்லாம் நாலு நாளா நல்லா செழிப்பா இருக்கு டாக்டர்."

சர்வேயருக்கு முகம் சிவந்தது. "அவங்க படுத்திருக்கிற ரூம்மா. நான் எப்படி..." என்று மகளிடம் முணுமுணுத்தார்.

"சம்பந்தி, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பொண்ணு குடுத்தவருக்குத் தண்ணிகூடக் குடுக்கலன்னு எங்களைத்தானே பேசுவாங்க? உங்க கௌரவத்தைக் காப்பாத்த எங்க மானத்தை வாங்குறீங்களே" என்றார் கண்டக்டர்.

அந்தக் கோணத்தில் அவர் யோசித்ததேயில்லை.

டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்து, அன்று முழுவதும் சலைன் ஏற்றினார். மறுநாள் வீடு திரும்பியபோது சம்பந்தியின் கட்டில் கூடத்தில் கிடந்தது. இங்கேதான் காற்று நன்றாக வருகிறது என்றார் சம்பந்தியம்மாள். சர்வேயர் ஒரு சொம்புத் தண்ணீரை அவர் எதிரிலேயே குடித்து முடித்தார்.

இரண்டு நாள் கழித்துக் கிரியேட்டினின் ஒன்று புள்ளி இரண்டுக்கு இறங்கியிருந்தது. இனிப் பயமில்லை, இப்படியே குடியுங்கள் என்றார் டாக்டர். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சர்வேயர் நிமிர்ந்து வராந்தாவுக்கு வந்தார். அங்கே காத்திருந்த சம்பந்தியின் காதில் விழும்படியே, கழிவறை எந்தப் பக்கம் என்று நர்சிடம் கேட்டார்.